ஆவணம் திறக்கவில்லை, தேடினால் வரவில்லை, போட்ட டேக்கைக் காணோம்: டாக் ரிவ்யூவுக்குப் புதியவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். சட்டப் படிப்பு முடித்து, சென்னையில் ஒரு எல்.பி.ஓ. (வெளிநாட்டுச் சட்ட வேலைகளை இங்கிருந்து செய்து தரும்) நிறுவனத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அமெரிக்க வழக்கு ஒன்றுக்கு டாக் ரிவ்யூ, அதாவது ஒரு தரப்பின் ஆவணங்களை ஒவ்வொன்றாகப் படித்து, எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியதா என்று வகைப்படுத்தும் வேலை. மென்பொருள் பிரவுசரிலேயே ஓடுகிறது. சில ஆவணங்கள் திறப்பதில்லை. கண்ணால் பார்த்த சொல்லைத் தேடினால் வருவதில்லை. நேற்று ஆவணத்துக்குப் போட்ட டேக் (வகைக்குறி) இன்று இல்லை. "மென்பொருளில் கோளாறா, நான் தப்பாகச் செய்கிறேனா, எப்போது அட்மினைக் கூப்பிடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதினாறு வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். ரிவ்யூவராகச் சேர்ந்து, க்யூசி (மற்றவர் வேலையைச் சரிபார்ப்பது) பார்த்து, இப்போது அட்மின் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கேட்பது மாதிரியான டிக்கெட்டுகளை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தாகிவிட்டது. பெரும்பாலான நேரம் மென்பொருளும் கெட்டிருக்காது, நீங்களும் தப்புச் செய்திருக்க மாட்டீர்கள். ஒரே ஆவணத்துக்கு மென்பொருளுக்குள் நான்கு உருவங்கள் இருக்கின்றன. ஓர் உருவத்தைப் பார்த்துக்கொண்டு இன்னோர் உருவத்திடம் பதில் எதிர்பார்க்கும்போதுதான் இந்தக் குழப்பமெல்லாம் வருகிறது. பயிற்சி வாரத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் உருவம் நேட்டிவ். வழக்கிலுள்ள நிறுவன ஊழியரின் கணினியில் இருந்தபடியே எடுத்த மூலக் கோப்பு: எக்செல், வேர்டு, மின்னஞ்சல். இரண்டாவது இமேஜ். பக்கம் பக்கமாக எடுத்த படம். எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும்போது பேட்ஸ் எண் (பக்கத்துக்குப் பக்கம் தொடரும் வரிசை எண்) விழுவதும், கறுப்புப் பெட்டி போட்டு மறைப்பதும் இதன் மேல்தான். 1890களில் எட்வின் பேட்ஸ் காப்புரிமை வாங்கிய எண் முத்திரை இயந்திரத்தின் பெயர்தான் இன்னும் அந்த எண்ணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது டெக்ஸ்ட். கோப்பிலிருந்து உருவி எடுத்த எழுத்து, அல்லது ஸ்கேன் செய்த படத்தை ஓ.சி.ஆர். படித்துத் தந்த எழுத்து. நான்காவது மெட்டாடேட்டா. யார் அனுப்பியது, யாருக்கு, எப்போது, கோப்பின் பெயர் என்ன என்கிற விவரக் கட்டங்கள். ரிலேட்டிவிட்டி, எவர்லா, டிஸ்கோ, ரிவீல் எதில் வேலை செய்தாலும் பொத்தானின் பெயரும் இடமும் மாறும், இந்த நான்கும் இருக்கும்.

இப்போது திறக்காத ஆவணத்துக்கு வருவோம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது வெள்ளைத் திரை. உடனே லாக் அவுட் செய்து லாகின் செய்யாதீர்கள். வியூவரில் நேட்டிவ் உருவத்தை விட்டு டெக்ஸ்டுக்கு மாறிப் பாருங்கள். டெக்ஸ்ட் வந்துவிட்டால் உங்கள் இணைப்பில் குறையில்லை. நேட்டிவ் கோப்பை பிரவுசரில் காட்டத்தக்க வடிவத்துக்கு சர்வர் மாற்றிக்கொண்டிருக்கிறது, அல்லது மாற்ற முடியாமல் நிற்கிறது. நாற்பதாயிரம் வரிசை உள்ள எக்செல் என்றால் அதற்கு நேரம் ஆகத்தான் செய்யும். டெக்ஸ்டும் வரவில்லையா? பேட்ச்சில் (உங்களுக்கு ஒதுக்கிய தொகுப்பில்) அடுத்த ஆவணத்தைத் திறந்து பாருங்கள். அது வந்தால் சிக்கல் அந்த ஒரு ஆவணத்தோடு. எதுவுமே வரவில்லை என்றால்தான் உங்கள் பிரவுசர், வி.பி.என்., செஷன் என்று போக வேண்டும். இந்த மூன்று கேள்விக்கும் சேர்த்து அரை நிமிடம்தான் ஆகும். பதில் தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் எங்கே என்று பிடிபட்டுவிடும்.

பிரவுசர் பக்கம் என்று தெரிந்தால் முதலில் கன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிரவுசரின் கேஷ் நினைவகத்தில் இருக்கும் பழைய துண்டுகளை விட்டுவிட்டுப் பக்கத்தைப் புதிதாக வாங்கும். மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் பொத்தான்கள் இடம் மாறித் தெரிவதும், லேஅவுட் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். வியூவரைத் தனி ஜன்னலில் திறக்கும் அமைப்பாக இருந்தால் பாப்-அப் தடுப்பு அதை விழுங்கியிருக்கலாம். முகவரிப் பட்டையின் ஓரத்தில் சிறிய குறி தெரிகிறதா பாருங்கள். லாகின் குறியீடு திரும்பத் திரும்பத் தவறு என்று வந்தால் கைப்பேசியின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் எண் அது. கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஒரே வொர்க்ஸ்பேஸை இரண்டு டேப்பில் திறந்து வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. விட்டுவிடுங்கள். எந்த டேப்பில் எந்த ஆவணத்துக்கு டேக் போடுகிறோம் என்பது நாலு மணி நேரத்துக்குப் பிறகு கண்ணுக்கே தெரியாது. பிரவுசரின் பின்செல்லும் அம்பையும் தொடாதீர்கள். வியூவருக்குள் இருக்கும் அம்புகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

அதைவிட முக்கியமானது பிரவுசர் நீட்டிப்புகள். இலக்கணம் திருத்தும் நீட்டிப்பு, தானாக மொழிபெயர்க்கும் வசதி இவையெல்லாம் பெரும்பாலும் திரையில் உள்ள எழுத்தை வெளியே உள்ள ஒரு சர்வருக்கு அனுப்பித்தான் வேலை செய்கின்றன. ஜெர்மன் மின்னஞ்சல் வந்ததும் "மொழிபெயர்க்கவா?" என்று குரோம் கேட்கும். ஆமாம் என்று அழுத்தினால் கட்சிக்காரரின் ரகசிய ஆவணம் யாருடைய அனுமதியும் இல்லாமல் வெளியே போய்விடுகிறது. நீதிமன்றம் போட்ட பாதுகாப்பு உத்தரவு அந்த ஆவணத்தின் மேல் இருக்கக்கூடும். அதனால் மொழி தெரியாத ஆவணத்துக்கு என்று இருக்கும் டேக்கைப் போட்டு நகருங்கள். அந்த மொழி தெரிந்தவரிடம் அது போய்ச் சேரும்.

ஆவணத்தோடு நிற்கும் சிக்கல்களில் அடிக்கடி வருவது கடவுச்சொல் போட்ட கோப்பு. திரையில் ஒற்றைப் பக்கத்தில் "இந்தக் கோப்பைச் செயலாக்க முடியவில்லை" என்று ஒரு பதிலித் தாள் மட்டும் தெரியும். ஆவணமே அவ்வளவுதான் என்று நினைத்து நாட் ரெஸ்பான்சிவ் (வழக்கில் கேட்டதோடு தொடர்பில்லை) டேக் போட்டுவிடுகிற புதியவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய தவறு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை. டெக்னிக்கல் இஷ்யூ டேக் போடுங்கள். கூடவே ஒரு சின்ன வேலை செய்தால் பெரிய உதவியாக இருக்கும்: அதே ஆள் அதே நாளில் அனுப்பிய அடுத்த மின்னஞ்சலைப் பாருங்கள். கோப்பை ஒரு அஞ்சலிலும் கடவுச்சொல்லை ஒரு நிமிடம் கழித்து இன்னோர் அஞ்சலிலும் அனுப்புவது உலகம் முழுக்க உள்ள அலுவலக வழக்கம். கண்ணில் பட்டால் அந்த இரண்டாவது அஞ்சலின் கன்ட்ரோல் எண்ணை (மென்பொருள் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தரும் எண்) டெக்னிக்கல் இஷ்யூ குறிப்பில் எழுதிவிடுங்கள். கோப்பைத் திறக்க நீங்களே முயல வேண்டாம். செயலாக்கும் குழு பார்த்துக்கொள்ளும்.

"அனுமதி இல்லை" என்று வருவதும் பல நேரம் கோளாறு கிடையாது. ப்ரிவிலேஜ் ஆவணங்களை (வழக்கறிஞர்-கட்சிக்காரர் ரகசியம் என்பதால் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டாதவை) உங்கள் குழு பார்க்கக் கூடாது என்று மேலே ஒரு சுவர் எழுப்பியிருப்பார்கள். அதைத் தாண்ட வழி தேடாமல் எண்ணைக் குறித்து டீம் லீடிடம் சொல்லிவிடுங்கள்.

எக்செல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் நடந்தது. ஒரு விலைப்பட்டியல். வியூவரில் பன்னிரண்டு வரிசை: பொருளின் பெயர், பழைய விலை, புதிய விலை. எங்கள் குழுவில் ஒருவர் பதினைந்து விநாடியில் ரெஸ்பான்சிவ் போட்டு நகர்ந்துவிட்டார். பார்த்தவரை அது சரிதான். க்யூசியில் அதே ஆவணம் என்னிடம் வந்தபோது டெக்ஸ்ட் உருவத்தைத் திறந்தேன். பன்னிரண்டு வரிசையும் முடிந்து, கீழே நிறைய வெற்றிடம் தாண்டி, ஒரு கட்டத்தில் யாரோ செருகிய குறிப்பு: சட்டத்துறை சொன்ன ஆலோசனைப்படி ஏழாவது வரிசையின் விலையை மாற்றினோம், காரணம் இன்னது. அந்த ஒரு வரியால் ஆவணம் ப்ரிவிலேஜ் பரிசீலனைக்குப் போக வேண்டியதாயிற்று. வியூவர் செல் குறிப்பைக் காட்டவில்லை, டெக்ஸ்ட் காட்டியது. மறைத்த நெடுவரிசை, பவர்பாயின்ட்டில் பேச்சாளர் குறிப்பு, வேர்டில் திருத்தத் தடங்கள் எல்லாம் இப்படித்தான் ஒளிந்திருக்கும். எக்செல்லும் பவர்பாயின்ட்டும் வந்தால் டெக்ஸ்டையும் ஒருமுறை கடைசிவரை உருட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

தேடலுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கண்ணால் பார்த்த சொல் தேடலில் ஏன் வரவில்லை? நீங்கள் பார்த்தது நேட்டிவை அல்லது இமேஜை. தேடல் போவது டெக்ஸ்டுக்கு. அதுவும் நேரடியாக டெக்ஸ்டுக்குப் போவதில்லை, டெக்ஸ்டிலிருந்து முன்கூட்டியே கட்டி வைத்த இன்டெக்ஸுக்கு (சொல்லடைவுக்கு) போகிறது. இன்று காலை புதிதாக ஏற்றிய ஆவணங்கள் நேற்று இரவு கட்டிய இன்டெக்ஸில் இருக்காது. "புதிய தொகுப்பு ஏறியிருக்கிறது, ஆனால் தேடல் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது" என்றால் இன்டெக்ஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று அட்மினிடம் ஒரு வரி கேளுங்கள்.

அடுத்தது நிறுத்தற்குறிகள். ரிலேட்டிவிட்டியில் பரவலாகப் பயன்படும் டிடிசர்ச் தேடல், மாற்றாமல் விட்டால், & குறியை இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆர்&டி என்று தேடினால் ஆர், டி என்று இரண்டு தனி எழுத்துகளாகப் பிரிந்துபோகும். தி, ஆஃப், அண்ட் போன்ற சொற்களை இன்டெக்ஸ் கணக்கிலேயே எடுக்காது. எந்த எழுத்து தொடர்ந்தாலும் எடுத்துக்கொள்ளும் நட்சத்திரக்குறியிலும் (*) கவனம் வேண்டும். காம்பெடிஷன் என்ற சொல்லைப் பிடிக்க அதன் முதல் நான்கு ஆங்கில எழுத்தோடு நட்சத்திரத்தைப் போட்டால் கம்பெனி, கம்ப்யூட்டர், கம்ப்ளீட் எல்லாம் வந்து குவிந்துவிடும். இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் வருவதைத் தேடும் டபிள்யூ/5 மாதிரியான கட்டளை இதைவிட நல்ல ஆயுதம். ஐந்து சொல்லுக்குள் இரண்டும் இருந்தால் மட்டும் கொண்டுவரும்.

ஸ்கேன் ஆவணம் என்றால் ஓ.சி.ஆர். எப்படிப் படித்தது என்று டெக்ஸ்டில் பாருங்கள். பேக்ஸில் வந்த தாளில் ஒன்று என்ற எண்ணும் ஆங்கில எல் எழுத்தும் ஒன்றையொன்று விழுங்கியிருக்கும். கையெழுத்து ஏறக்குறைய எதுவுமே வந்திருக்காது.

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூரிலோ இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ கிளை உள்ள ஒரு நிறுவனத்தின் பழைய கோப்புகள் வழக்கில் வரும்போது, பாமினி எழுத்துருவில் அடித்த கடிதங்கள் இருக்கும். நேட்டிவில், அந்த எழுத்துரு இருந்தால், அழகான தமிழ். டெக்ஸ்டில் பார்த்தால் ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளுமாக ஒரே குப்பை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். கோப்புக்குள் சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளே, எழுத்துரு மட்டுமே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. இந்த ஆவணத்தை யூனிகோட் தமிழில் எத்தனை முறை தேடினாலும் வராது. மொழி கண்டறியும் கருவியும் இதைத் தமிழ் என்று சொல்லாது. அமெரிக்காவில் இருக்கும் வழக்கறிஞருக்கு இது கெட்டுப்போன கோப்பு மாதிரிதான் தெரியும். தமிழ் தெரிந்த ரிவ்யூவர் நீங்கள்தான் இதைக் கண்டுபிடித்துச் சொல்ல முடியும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஒரு ஆவணத்தோடு விடாதீர்கள். அதே ஊழியரின் மற்றக் கோப்புகளும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். பாமினியில் அந்தப் பெயரை அடித்தால் என்ன வருமோ அந்த எழுத்துக்கோவையையே தேடச் சொல்லிப் பரிந்துரையுங்கள்.

தேடலைப் பழக, என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் நல்ல களம். அந்த நிறுவனம் சரிந்த பிறகு நடந்த விசாரணையில், சுமார் 150 பேரின் ஐந்து லட்சம் அஞ்சல்கள் வரை, 2003இல் அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்டது. பல மென்பொருள்களின் செயல்விளக்கத்தில் பயன்படுவது அதுதான். கட்சிக்காரர் ஆவணத்தில் சோதனை செய்வதற்குப் பதில் அதில் செய்து பாருங்கள்.

தேடலில் அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008இல் மேரிலாந்து கூட்டாட்சி நீதிமன்றத்தில் வந்த விக்டர் ஸ்டான்லி வழக்கைப் படியுங்கள். சொற்பட்டியலை வைத்து ப்ரிவிலேஜ் ஆவணங்களைச் சலித்ததாகச் சொன்ன தரப்பு, 165 ஆவணங்களைத் தவறவிட்டு எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டது. அந்தச் சொற்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், சோதித்துப் பார்த்தீர்களா என்று நீதிபதி பால் கிரிம் கேட்டதற்குத் திருப்தியான பதில் இல்லை. அந்த ஆவணங்களுக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது.

போட்ட டேக் காணாமல் போவதற்கு என் அனுபவத்தில் மூன்று காரணம். ஒன்று செஷன். ப்ரிவிலேஜ் குறிப்பை இருபது நிமிடம் யோசித்து யோசித்து எழுதுகிறீர்கள், நடுவே டீம் லீட் கூப்பிடுகிறார், திரும்பி வந்து சேவ் அழுத்துகிறீர்கள். திரையில் லாகின் பக்கம் வருகிறது. நீங்கள் எழுதிக்கொண்டிருந்தது உங்கள் பிரவுசரில் மட்டும்தான் இருந்தது, சர்வர் உங்களை எப்போதோ வெளியே அனுப்பிவிட்டது. முதலில் டேக்கைப் போட்டுச் சேவ் செய்துவிட்டு, குறிப்பை இரண்டு மூன்று தவணையாக எழுதிச் சேவ் செய்யுங்கள். எழுந்து போகுமுன் சேவ் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

இரண்டாவது காரணம், வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள். க்யூசி மாற்றியிருக்கலாம். குடும்பத்தில் (ஓர் அஞ்சலும் அதன் இணைப்புகளும்) ஓர் ஆவணத்துக்குப் போட்டது மற்றவற்றுக்கும் தானாகப் பரவும்படி அட்மின் அமைத்திருக்கலாம். அல்லது வழக்கறிஞர் ஒரேயடியாக ஐநூறு ஆவணத்துக்கு மாஸ் எடிட் செய்திருக்கலாம். ஆவணத்தின் ஹிஸ்டரியைத் திறந்தால் யார், எப்போது, எதை எதாக மாற்றினார் என்று வரிசையாக இருக்கும். உங்களுக்கு அதைப் பார்க்க அனுமதி இல்லையென்றால் டீம் லீடைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது, நீங்கள் பார்ப்பது வேறு ஆவணம். அதே மின்னஞ்சல், அனுப்பியவர் பெட்டியில் ஒன்று, பெற்றவர் பெட்டியில் ஒன்று. முழுக்க ஒன்றாக இருந்தால் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) வைத்து ஒன்றை நீக்கியிருப்பார்கள். அடியில் ஒரு வரி எச்சரிக்கைக் குறிப்பு சேர்ந்திருந்தால்கூட ஹாஷ் வேறு, கன்ட்ரோல் எண் வேறு. கண்ணுக்கு ஒன்றுதான், மென்பொருளுக்கு இரண்டு. அதனால் எப்போதும் எண்ணை வைத்தே பேசுங்கள். "அந்த விலைப்பட்டியல் மெயில்" என்று சொன்னால் யாருக்கும் உதவாது.

தேதி விஷயத்தில் இரண்டு பொறிகள் ஒன்றாக வரும். மார்ச் 31 இரவு 9:40க்கு நியூயார்க்கில் ஒருவர் அஞ்சல் அனுப்புகிறார். ஆவணங்களை யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் செயலாக்கியிருந்தால் மெட்டாடேட்டா கட்டத்தில் ஏப்ரல் 1, அதிகாலை 1:40 என்று இருக்கும். அதே அஞ்சலின் இமேஜில் மார்ச் 31 என்று அச்சாகியிருக்கலாம். வழக்குக்குரிய காலம் மார்ச் 31 வரைதான் என்றால் அந்த அஞ்சல் உள்ளேயா வெளியேயா? இதோடு அமெரிக்க வழக்கப்படி ஏப்ரல் 1 என்பது 04/01 என்று எழுதப்பட்டிருக்கும். நம் கண் அதை ஜனவரி 4 என்று படித்துவிடும். புதியவர்களின் காலவரிசைப் பட்டியல்களில் நான் திருத்தியதில் பாதி இதுதான். எந்த நேர மண்டலத்தில் செயலாக்கினார்கள் என்று ரிவ்யூ புரோட்டோகால் (வேலை விதிமுறை) ஆவணத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாளே கேளுங்கள்.

நேர மண்டலத்தைப் பற்றிப் பேசும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். பகல் ஷிப்ட்டில் இருப்பவர்கள் மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்று அடிக்கடி சொல்வார்கள். நம் பகல் அமெரிக்காவின் இரவு. இன்டெக்ஸ் கட்டுவது, ஆயிரக்கணக்கில் இமேஜ் எடுப்பது, புரொடக்‌ஷன் (எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் தொகுப்பு) ஓட்டுவது போன்ற கனமான வேலைகளை அங்கே எல்லோரும் தூங்கும் நேரத்தில்தான் ஓடவிடுவார்கள். தினமும் ஒரே நேரத்தில் மெதுவானால் அந்த நேரத்தைக் குறித்து அனுப்புங்கள், மாற்றி அமைக்க முடியும்.

"ஒரே மாதிரி ஆவணமே திரும்பத் திரும்ப வருகிறது, வரிசை கெட்டுப்போய்விட்டதா?" என்பது இன்னொரு வழக்கமான புகார். ஆக்டிவ் லேர்னிங் வரிசையாக இருந்தால் அப்படித்தான் வரும். நீங்கள் போடும் ஒவ்வொரு டேக்கிலிருந்தும் கற்றுக்கொண்டு, ரெஸ்பான்சிவாக இருக்கக்கூடியதை முன்னே தள்ளுவதுதான் அதன் வேலை. 2012இல் டா சில்வா மூர் வழக்கில் நியூயார்க் நீதிபதி ஆண்ட்ரூ பெக் கணினி உதவியோடு செய்யும் ரிவ்யூவுக்கு முதல்முறை ஒப்புதல் தந்தார். அதற்குப் பிறகு இது மெல்ல மெல்ல அன்றாட வேலையாகிவிட்டது. இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்தக் கருவியும் டெக்ஸ்டைத்தான் படிக்கிறது. இணைப்பில் இருக்கும் ஒப்பந்தம் முக்கியம் என்பதற்காக, "பார்க்கவும்" என்று ஒற்றைச் சொல் உள்ள தாய் அஞ்சலுக்கும் ரெஸ்பான்சிவ் போட்டால், அந்த ஒற்றைச் சொல்தான் முக்கியம் என்று அது கற்றுக்கொள்ளும். அதனால் இந்த வரிசையில் ஒவ்வொரு ஆவணத்தையும் அதற்குள் இருப்பதை மட்டும் வைத்துக் குறிக்கச் சொல்வார்கள். சாதாரணப் பேட்ச்சில் குடும்பத்தோடு சேர்த்துக் குறிக்கச் சொல்வார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், எந்த வரிசையில் இருக்கிறோம் என்று தினமும் ஷிப்ட் தொடக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிடாக்‌ஷனில் (மறைக்க வேண்டியதைக் கறுப்பாக்குவதில்) நான்கு உருவமும் ஒன்றாக வந்து நிற்கும். கறுப்புப் பெட்டி போடுவது இமேஜின் மேல். நேட்டிவில் அந்த எழுத்து அப்படியே இருக்கிறது. டெக்ஸ்டிலும் இருக்கிறது. மெட்டாடேட்டாவில் பொருள் வரி என்ற கட்டத்திலேயே மறைக்க வேண்டிய பெயர் இருக்கலாம். 2019 ஜனவரியில் டிரம்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மேனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் நடந்தது இதேதான். கறுப்புக்கு அடியில் எழுத்து உயிரோடு இருந்தது. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியவர்கள் முழுதையும் படித்துவிட்டார்கள். ரிவ்யூ மென்பொருளில் புரொடக்‌ஷன் செய்யும்போது கறுப்பு படத்தோடு எரிந்து ஒன்றாகிவிடும், புதிதாக ஓ.சி.ஆர். எடுத்து டெக்ஸ்டையும் மாற்றுவார்கள். ஆனால் அதற்கு அந்த ஆவணத்தில் ரிடாக்‌ஷன் உண்டு என்று குறிக்கும் டேக் இருக்க வேண்டும். பெட்டியை மட்டும் வரைந்து டேக்கை மறந்தால், நேட்டிவ் கோப்பு அப்படியே எதிர்த்தரப்புக்குப் போகும் வாய்ப்பு உண்டு. டேக் போட்டுப் பெட்டி வரையாவிட்டாலும் கேடுதான். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பேட்ச்சை செக் இன் செய்யுமுன் பாருங்கள்.

ப்ரிவிலேஜ் ஆவணம் தவறி வெளியே போனாலும் திரும்பப் பெற வழி உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. 2008 செப்டம்பரில் சட்டமான அமெரிக்கக் கூட்டாட்சிச் சான்று விதி 502 அதற்கு இடம் தருகிறது. ஆனால் 502(பி)யின் கீழ் நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்தோம் என்று காட்ட வேண்டும். அந்த முன்னெச்சரிக்கையின் ஒரு பகுதி உங்கள் மேசையில் நடக்கிறது. நீங்கள் பார்த்த டெக்ஸ்ட், நீங்கள் எழுதிய குறிப்பு, ஹிஸ்டரியில் உங்கள் பெயரோடு பதிவான நேரம் எல்லாம் அதில் வரும். அதனால்தான், திறக்காத ஆவணத்துக்கு ஊகித்து டேக் போடாதீர்கள் என்று இத்தனை அழுத்திச் சொல்கிறேன். மணிக்கு ஐம்பது ஆவணம் என்ற இலக்கு தலைக்கு மேல் நிற்கும்போது அது கடினம் என்று தெரியும். நானும் அந்த இருக்கையில் இருந்தவன். ஆனாலும் டெக்னிக்கல் இஷ்யூ போட்டுவிட்டு நகர்வதால் எந்த டீம் லீடும் உங்களைக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் என்ன நடந்தது என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக, அட்மினை எப்போது கூப்பிடுவது? மேலே சொன்ன அரை நிமிடச் சோதனைக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் உடனே. காத்திருக்க வேண்டாம். பேட்ச்சில் எண்ணிக்கை குறைந்தாலோ, உங்களுக்குத் தொடர்பில்லாத வேறொரு வழக்கின் ஆவணம் தெரிந்தாலோ, ரிடாக்‌ஷன் பெட்டி தானாக நகர்ந்திருந்தாலோ சோதனைகூட வேண்டாம், கையை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள். திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது எந்தச் சூழலிலும் கூடாது. பிரவுசரின் நெட்வொர்க் பதிவை அட்மின் கேட்டால் டிக்கெட் வழியாக மட்டும் கொடுங்கள். அதற்குள் உங்கள் செஷன் விவரமும் ஆவணத்தின் எழுத்தும் இருக்கும்.

டிக்கெட்டில் "ஓபன் ஆகவில்லை, ப்ளீஸ் செக்" என்று வந்தால் நான் திருப்பி ஐந்து கேள்வி கேட்க வேண்டியிருக்கும், அதற்குள் உங்கள் ஷிப்ட் முடிந்துவிடும். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அனுப்பியதை, எண்ணை மட்டும் மாற்றித் தருகிறேன்: "கன்ட்ரோல் எண் 0048213. காலை 11:20, இந்திய நேரம். நேட்டிவ் வரவில்லை, டெக்ஸ்ட் வருகிறது, இமேஜ் இன்னும் எடுக்கவில்லை. அடுத்த ஆவணம் 0048214 சரியாகத் திறக்கிறது. எட்ஜ் பிரவுசரிலும் முயன்றேன், அதே நிலை. பிழைச்செய்தி எதுவும் இல்லை, சக்கரம் மட்டும் சுற்றுகிறது. டெக்னிக்கல் இஷ்யூ டேக் போட்டிருக்கிறேன், ரெஸ்பான்சிவ் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்." 11:31க்கு இமேஜ் எடுக்கச் சொல்லிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் அவர் அந்த ஆவணத்தைப் படித்து முடித்திருந்தார்.